பணி ஆணையில் பிரிவு எண் மட்டும் போதுமா?

2026 ஏப்ரல் 1 அன்று 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் முடிவுக்கு வந்தது. அறுபத்து நான்கு ஆண்டுகளாகத் திருத்தத்தின் மேல் திருத்தமாக எண்ணூறுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பெருகியிருந்த அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 536 பிரிவுகள் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற சட்டம் இது. இதைப் பற்றி நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் நிறையவே பேசிவிட்டன. எவ்வளவு வரி, எந்த அடுக்கு, எந்தப் படிவம் என்ற அளவில்தான் பேச்சு நின்றுபோனது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரம் போன்ற ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு பீரோவில் இருக்கும் ஒப்பந்தக் காகிதங்களுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காகிதங்களில் பழைய சட்டம் எங்கும் நிறைந்திருக்கிறது. கடைவீதியில் கட்டடத்தை வங்கிக் கிளைக்கு விட்டிருப்பவரின் வாடகை ஒப்பந்தத்தில் ‘194ஐ பிரிவின்படி வரி பிடித்தம் செய்யப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். ஊராட்சி ஒன்றியத்தில் சாலை வேலை எடுத்த ஒப்பந்தக்காரரின் வேலை உத்தரவில் 194சி இருக்கும். தனியார் பள்ளி ஆசிரியையின் பணி ஆணையில் 192 இருக்கும். ஓய்வுபெறுபவருக்குத் தரும் கணக்குத் தாளில் பணிக்கொடைக்கு 10(10) என்றும், சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்புக்கான பணத்துக்கு 10(10ஏஏ) என்றும் எழுதியிருக்கும். எல்.ஐ.சி. முகவர் பாலிசியை விற்றதே ‘எயிட்டி சி’ என்ற ஒரு சொல்லை வைத்துத்தான். புதிய சட்டத்தில் 80சி-யின் இடத்தில் 123 வந்திருக்கிறது. சம்பளத்தில் பிடிக்கும் 192 இப்போது 392. வாடகை, ஒப்பந்தம், கமிஷன் என்று தனித்தனிப் பிரிவுகளாகக் கிடந்த பிடித்தங்கள் 393 என்ற ஒரே பிரிவின் அட்டவணைக்குள் போய்விட்டன. பணிக்கொடையும் விடுப்புப் பணமும் 19-ஆவது பிரிவின் அட்டவணையில் இருக்கின்றன.

அப்படியானால் பழைய எண்ணோடு கையெழுத்தான ஒப்பந்தம் செல்லாதா? செல்லும். இதற்கு 1897-ஆம் ஆண்டிலேயே வழி செய்து வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, ஒரு மத்தியச் சட்டம் நீக்கப்பட்டு மறுபடி இயற்றப்படும்போது, வேறு சட்டங்களிலோ ஆவணங்களிலோ பழைய பிரிவைச் சுட்டியிருந்தால் அது புதிய பிரிவைச் சுட்டுவதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. மாறான எண்ணம் தெரியாத வரை என்பது மட்டும் நிபந்தனை. 1922-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் போய் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதும் இந்தப் பாலத்தின் வழியாகத்தான் பழைய ஆவணங்கள் கரை சேர்ந்தன. 80சி-கூட நாம் நினைப்பதுபோல நிலையான எண் அல்ல. 1990-களில் சேமிப்புக்கான சலுகை 88-ஆவது பிரிவில் இருந்தது. 2005-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம்தான் அதை இன்று நாம் அறிந்த 80சி ஆக்கியது.

ஆகவே சட்டத்தின் கண்ணில் காகிதம் பிழைத்துக்கொள்ளும். என் கவலை அதைப் படிக்க வேண்டிய ஆளைப் பற்றியது. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு எண்ணை எழுதுவது என்றால், அந்த ஒப்பந்தம் தரும் வாக்கின் ஒரு பகுதியை டெல்லியின் கையில் கொடுத்துவிடுவது என்று பொருள். விவசாய வருமானம் தவிர்த்த மற்ற வருமானங்களின் மீது வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்புச் சட்டப்படி மத்திய அரசுக்கு மட்டுமே உரியது. நாடாளுமன்றம் ஒவ்வொரு பிப்ரவரியும் நிதி மசோதாவைக் கையில் எடுக்கிறது. அந்த ஒவ்வொரு முறையும் சங்கராபுரத்தில் எழுதிய ஒப்பந்தம், அதில் கையெழுத்திட்ட இருவரும் தொடாமலேயே மாறக்கூடும். முதலாளிக்கு இது தெரியும். அவரிடம் ஆடிட்டர் இருக்கிறார். தொழிலாளிக்குத் தெரிவதில்லை. ஓய்வுபெறும் நாளில் கையில் வரும் காசோலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

பணிக்கொடையை எடுத்துக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் உச்சவரம்பு 1997-இல் மூன்றரை லட்சம் ரூபாய் ஆனது. 2010 மே 24 முதல் 10 லட்சம். 2018 மார்ச் 29 முதல் 20 லட்சம். வருமான வரி விலக்கின் வரம்பும் இதன் பின்னாலேயே நடந்து வந்தது. 2005-இல் வேலையில் சேர்ந்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவரின் பணி ஆணை ‘பணிக்கொடை 3,50,000 ரூபாய் வரை’ என்கிறது. இன்னொருவருடையது ‘சட்டத்தில் அவ்வப்போது உள்ள உச்சவரம்பு வரை’ என்கிறது. 2019-இல் இருவரும் ஓய்வுபெற்றால் சட்டம் இருவரையும் ஒன்றாகவே பாதுகாக்கும், ஏனெனில் சட்டம் தரும் குறைந்தபட்சத்தை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது. ஆனால் முதலாமவர் தன் கையில் இருக்கும் காகிதத்தை நம்பினால் மூன்றரை லட்சத்தோடு வீட்டுக்குப் போவார். மீதியைக் கேட்க அவர் தொழிலாளர் துறையின் படியேற வேண்டும்; படியேற வேண்டும் என்பது முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பணிக்கொடைச் சட்டமும் தனிச் சட்டமாக இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பணிக்கொடை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஐந்து மாதத்துக்குள் வேலை தொடர்பான சட்டங்களும் வரிச் சட்டமும் ஒருசேர எண் மாறியிருக்கின்றன. இப்படி ஒரு காலம் இதற்கு முன் வந்ததில்லை.

விடுப்புப் பணத்தின் கதை இன்னும் கசப்பானது. சங்கராபுரத்துக்கு அருகே மூங்கில்துறைப்பட்டிலும், கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு நிலையான சம்பளம் என்றால் என்ன என்று காட்டியவை அவை. ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை ஆலை வேலையும் அரசு வேலைதான். விழுப்புரம் கோட்டத்துப் பேருந்தை ஓட்டுபவரும் ‘கவர்மெண்ட் பஸ் டிரைவர்’தான். பெண் கொடுக்கும்போதும் கடன் கொடுக்கும்போதும் அப்படித்தான் பார்க்கிறார்கள். வருமான வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மத்திய, மாநில அரசுகளின் நேரடிப் பணியாளர் ஓய்வுபெறும்போது பெறும் விடுப்புப் பணம் முழுவதற்கும் வரி விலக்கு உண்டு. கூட்டுறவு ஆலை ஊழியர், போக்குவரத்துக் கழக ஊழியர், மின்வாரியத்தின் வழிவந்த நிறுவனத்தின் ஊழியர் ஆகியோர் சட்டத்தின் பார்வையில் அரசு ஊழியர்கள் அல்லர். இவர்களுக்கு ஒரு வரம்பு இருந்தது: மூன்று லட்சம் ரூபாய்.

2002-இல் அறிவிக்கப்பட்ட இந்த மூன்று லட்சம் 2023 வரை அப்படியே கிடந்தது. அதற்குள் இரண்டு ஊதியக் குழுக்கள் வந்து போயின. சம்பளம் பல மடங்கு ஆனது. அரிசியெல்லாம் என்ன விலை ஆனது என்று நமக்குத் தெரியும். கடைசியில் 2023 மே மாதம் ஓர் அறிவிக்கை, ஏப்ரல் 1 முதல் ஓய்வுபெறுபவர்களுக்கு வரம்பை 25 லட்சமாக உயர்த்தியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 75,000 ரூபாய் சம்பளம், 240 நாள் விடுப்பு சேர்த்திருக்கிறார் என்றால் ஆறு லட்சம் ரூபாய். தாலுகா அலுவலகத்தில் ஓய்வுபெற்றவருக்கு இதில் வரி இல்லை. 2023 மார்ச் 31 அன்று ஆலையிலோ போக்குவரத்துக் கழகத்திலோ ஓய்வுபெற்றவருக்கு மூன்று லட்சம் வருமானத்தில் சேரும். 20 சதவீத அடுக்கில் விழுந்தால், மேல்வரியும் சேர்த்து 62,400 ரூபாய் போகும். ஒரு மாதம் கழித்து ஓய்வுபெற்ற சக ஊழியருக்கு அதே பணத்தில் ஒரு காசும் போகாது. மூவரின் பணி விதிகளிலும் விடுப்புப் பணம் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத ஒன்றுதான் மூவரையும் பிரித்தது.

இருபத்தோரு ஆண்டுகளாக அந்த வரம்பை யாரும் தொடாமல் இருந்ததற்கு ஒரு காரணம், அதனால் இழப்பவர்களுக்குத் தாம் இழக்கப்போவது ஓய்வுபெறும் மாதம் வரை தெரியாமல் இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். சேரும் நாளிலேயே ‘இந்தப் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் வரி உண்டு, நீங்கள் சட்டப்படி அரசு ஊழியர் அல்லர்’ என்று தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால், தொழிற்சங்கங்கள் பத்தாண்டுக்கு முன்பே இதை வீதிக்குக் கொண்டுவந்திருக்கும்.

கல்வராயன் மலைக்கு மேலே போனால் எண்கள் இன்னும் பழையவை. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 2பிபி என்ற விதி, எந்தெந்தப் படிக்கு எவ்வளவு விலக்கு என்று பட்டியலிட்டது. அதில் பழங்குடிப் பகுதிப் படி என்று ஒன்று உண்டு. ஒன்பது மாநிலங்களின் பெயர்கள் அதில் இருந்தன, தமிழ்நாடும் ஒன்று. விலக்கு மாதம் 200 ரூபாய். குழந்தையின் படிப்புக்கு மாதம் 100 ரூபாய், விடுதிக்கு 300 ரூபாய், அதுவும் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலுள்ள இடங்களில் பணிபுரிந்தால் மலைப்படியில் 300 ரூபாய். 1990-களில் எழுதிய இந்தத் தொகைகள் முப்பதாண்டுக் காலம் அந்த விதிகளில் உட்கார்ந்திருந்தன. வெள்ளிமலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, தன் பிள்ளைகளைக் கள்ளக்குறிச்சியில் விடுதியில் சேர்த்திருக்கும் ஓர் ஆசிரியருக்கு இந்தத் தொகைகளால் என்ன பயன் என்று கேட்கத் தேவையில்லை. 2023–24 முதல் தானாகப் பொருந்தும் புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்த விலக்குகள் எதுவும் கிடையாது.

கல்வராயன் மலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழங்குடியினருக்கு வருமான வரி கிடையாது என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். மலையிலும் சிலர் நம்புகிறார்கள். 10(26) பிரிவு அப்படி ஒரு விலக்கைத் தந்தது உண்மை. ஆனால் அது நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா, அருணாசலப் பிரதேசம், மிசோரம், மேகாலயா, அசாமின் சில பகுதிகள், லடாக் ஆகியவற்றில் வசித்து அங்கேயே வருமானம் ஈட்டும் பழங்குடியினருக்கு மட்டும். அட்டவணைப் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் நம் மலையாளி இனத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், ஷில்லாங்கில் இருக்கும் காசி இன ஆசிரியர் வாங்கும் அதே சம்பளத்தை வாங்கினாலும் வரி கட்ட வேண்டும். இந்த வேறுபாடு சரியா என்பது தனி விவாதம். ஆனால் மலையிலிருந்து படித்து முதன்முதலாக அரசு வேலைக்கு வரும் ஒரு பெண்ணுக்குப் பணி ஆணை கொடுக்கும்போது, அந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது என்று ஒரு வரி எழுதிச் சொல்வதில் என்ன தடை?

ஒப்பந்த வேலைகளின் பக்கம் வந்தால் இழப்பு உடனே கண்ணில் தெரியும். சாலை, பாலம் போன்ற அரசுப் பணிகளுக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 அன்று 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ‘எல்லா வரிகளும் உட்பட 10 லட்சம்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு சிறிய ஒப்பந்தக்காரருக்கு, முந்தைய நாள் வரை வேலைக்கான பணம் 8,92,857 ரூபாய். மறுநாள் முதல் 8,47,458. ஏறத்தாழ 45,000 ரூபாய் குறைந்துவிட்டது. அது ஜல்லியின் விலையிலிருந்து குறையாது, கூலியிலிருந்துதான் குறையும். ‘நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டி தனி’ என்று எழுதியிருந்தால் அந்தச் சுமை வேலை கொடுத்தவரிடம் போயிருக்கும்.

எழுதும் முறையால் கணக்கு தலைகீழாவது வருமான வரியிலும் உண்டு. ‘வரி எங்கள் பொறுப்பு, உங்கள் கைக்கு ஒரு லட்சம்’ என்று வேலை கொடுப்பவர் எழுதிக் கொடுத்தால், 10 சதவீதப் பிடித்தத்துக்கு அவர் கணக்கில் 1,11,111 ரூபாய் காட்டி, 11,111 ரூபாயை வரியாகக் கட்ட வேண்டும். பழைய சட்டத்தின் 195ஏ பிரிவு இதைத்தான் சொன்னது. வாய்ப்பேச்சில் இந்த உறுதியைத் தருபவர்கள் நிறைய. காகிதத்தில் தருபவர்கள் குறைவு. மரவள்ளியையும் கரும்பையும் ஏற்றும் லாரிக்காரர்களுக்கு ஒரு நல்ல விதியும் இருந்தது. பத்து லாரிகளுக்கு மேல் இல்லை என்று எழுதிக் கொடுத்து பான் எண்ணையும் கொடுத்தால், வாடகையில் வரி பிடிக்க வேண்டியதில்லை. பான் எண்ணைக் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். இந்த இரண்டு வாக்கியங்களும் லாரி ரசீதின் பின்புறத்தில் தமிழில் அச்சடிக்கப்பட்டிருந்தால் எத்தனையோ பேரின் பணம் முடங்காமல் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஓய்வுக்காலச் சேமிப்பை ‘ஃபோர் நாட் ஒன் கே’ என்கிறார்கள். அது அந்நாட்டு மத்திய வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு எண், 1978-இல் சேர்க்கப்பட்டது. அங்கும் பணி ஒப்பந்தங்கள் வரிச் சட்டத்தைச் சுட்டியே எழுதப்படுகின்றன. ‘1986-ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம், திருத்தப்பட்டவாறு’ என்ற தொடர் வழக்கமாக இருக்கும். ஆனால் ஊழியர் அந்தச் சேமிப்பில் ஆண்டுக்கு எவ்வளவு போடலாம் என்ற வரம்பு விலைவாசியோடு சேர்ந்து உயர்கிறது. ஒப்பந்தம் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, சட்டம் விலைவாசியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. நம் நாட்டில் இருபத்தோரு ஆண்டுகள் மூன்று லட்சமும் முப்பதாண்டுகள் 200 ரூபாயும் நின்ற இடத்திலேயே நின்றன. பிரிவு எண்ணைச் சுட்டி எழுதுவது ஊழியருக்கு நன்மையாவதும் தீமையாவதும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

12 லட்சம் வரை வரியே இல்லை என்று ஆன பிறகு சங்கராபுரத்தில் இதெல்லாம் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாதச் சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 ரூபாயும் சேர்த்து 12,75,000 வரை புதிய முறையில் வரி இல்லைதான். ஆனால் ஒரு தொழிலாளியின் வாழ்நாளில் வருமானம் திடீரென்று மேலே எழும் ஓர் ஆண்டு உண்டு. அது ஓய்வுபெறும் ஆண்டு, அல்லது ஆலை நலிந்து விருப்ப ஓய்வு கொடுக்கும் ஆண்டு. பணிக்கொடை, விடுப்புப் பணம், நிலுவை எல்லாம் ஒன்றாக வந்து விழும் அந்த ஆண்டில்தான் பிரிவு எண்கள் கழுத்தில் கை வைக்கின்றன. வரியே இல்லாதவருக்கும் பிடித்தம் உண்டு. பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிடுபவர்கள் சிற்றூர்களில்தான் அதிகம் என்பது வரி வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும்.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், தொழிற்சாலையின் நிலையாணைகளை ஆங்கிலத்தோடு பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் எழுதி, வாசலருகே பலகையில் மாட்ட வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்தச் சட்டமும் இப்போது தொகுப்புக்குள் போய்விட்டது. அந்த அறிவைப் போக விடக் கூடாது. அத்துடன், புதிய தொகுப்புகளில் ஒன்று, பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி ஆணை எழுத்தில் தரப்பட வேண்டும் என்கிறது. இதுவரை எழுத்தே இல்லாமல் வேலை பார்த்த அரிசி ஆலைக்காரருக்கும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கும் முதன்முறையாக ஒரு காகிதம் கைக்கு வரப்போகிறது. அது எந்த மொழியில், எந்த விதமாக எழுதப்படப் போகிறது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

நான் கேட்பது சில வரிகள்தான். ‘உங்கள் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கப்படும், இப்போதைய சட்டத்தில் இது 392-ஆவது பிரிவு, சட்டம் மாறினால் மாறிய சட்டமே பொருந்தும், அதை முப்பது நாளுக்குள் உங்களுக்கு எழுதித் தெரிவிப்போம். வரிச் சட்டத்தின்படி நீங்கள் அரசு ஊழியர் அல்லர். ஓய்வுபெறும்போது விடுப்புப் பணத்தில் இன்றைய நிலவரப்படி 25 லட்சம் வரையும், பணிக்கொடையில் 20 லட்சம் வரையும் வரி விலக்குக்கு இடமுண்டு.’ தொகையும் இருக்க வேண்டும், எண்ணும் இருக்க வேண்டும், அது மாறக்கூடியது என்பதும் இருக்க வேண்டும், மாறினால் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதும் இருக்க வேண்டும். வரிச் சட்டத்தின் தமிழ் வடிவத்துக்கும் வழி இருக்கிறது: மாநில மொழியில் மத்தியச் சட்டங்களை அதிகாரபூர்வமாக மொழிபெயர்த்து அரசிதழில் வெளியிட 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு அப்படி ஒரு தமிழ் வடிவத்தை மாநில அரசு கேட்டு வாங்க வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் தனியார் முதலாளியின் அலுவலகம் அல்ல. கூட்டுறவு ஆலைகள், போக்குவரத்துக் கழகம், மின் நிறுவனம், பேரூராட்சி என்று இந்தப் பகுதியில் எழுத்தில் பணி ஆணை கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் மாநில அரசின் கையில்தான் இருக்கின்றன. சர்க்கரை ஆலைகளில் அரவைப் பருவத்துக்கு மட்டும் எடுக்கப்படும் தொழிலாளர்களுக்குப் பணிக்கொடைக் கணக்கே வேறு: மற்றவர்களுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்றால் இவர்களுக்குப் பருவத்துக்கு ஏழு நாள் கூலி. இருபது பருவம் வேலை செய்தும் இதை அறியாதவர்கள் இருக்கிறார்கள். அடுத்த அரவைக்கு மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் ஆள் எடுக்கும்போது கொடுக்கப்படும் காகிதத்தில், தமிழில், அந்த ஏழு நாள் எழுதியிருக்க வேண்டும்.